வீட்டில் தனியாகக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவருக்கு ஏற்ற பயிற்சி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிறர் குழந்தைகளைத் தம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் அனைவரும் இணையவழியில் தொழிற்பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று வலியுறுத்தித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையை வாசித்தேன். பல ஆண்டுகளாக இதே வேலையைச் செய்துவருபவள் என்ற முறையிலும், இணையவழிப் பாடங்கள் பலவற்றை முடித்துச் சான்றிதழ் வாங்கியவள் என்ற முறையிலும் அக்கட்டுரையின் நோக்கத்தை வரவேற்கிறேன். ஆனால், பயிற்சி என்ற ஒன்று எங்களுக்காக ஏற்கெனவே தயாராக இருக்கிறது, அதை நாங்கள் எடுத்துக்கொள்ளாமல் இருப்பதுதான் குறை என்பதுபோல அது எழுதப்பட்டிருந்தது. நான் படித்த பாடங்களில் பெரும்பாலானவை பல அறைகளும் பல ஊழியர்களும் உள்ள காப்பகங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வீட்டில் பார்த்துக்கொள்பவரின் நிலைமை வேறு. அவர் தனி ஆள். அவரிடம் இருக்கும் குழந்தைகளோ வெவ்வேறு வயதினர். இந்த இரண்டையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத பயிற்சி எத்தனை மணி நேரம் நடந்தாலும் எங்களுக்குப் பெரிதாகப் பயன்படாது என்பதைத் தங்கள் வாசகர்களுக்கும், பாடங்களைத் தயாரிப்பவர்களுக்கும் தெரிவிக்கவே இதை எழுதுகிறேன்.

இணையவழிப் பயிற்சியே கூடாது என்று சொல்பவர்களும் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. காப்பக ஊழியர் ஒருவர் பயிற்சிக்குப் போனால் அவருடைய இடத்தில் இன்னொருவர் நிற்பார். நான் போக வேண்டுமானால் கதவைப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். என்னை நம்பிக் குழந்தையை விட்டுச் செல்லும் பெற்றோர் அத்தனை பேரும் அன்று விடுப்பு எடுக்க வேண்டும். எனக்கும் அன்றைய வருமானம் போய்விடும். அந்த நிலையில் இருப்பவருக்கு, இரவில் வீட்டு வேலைகளை முடித்துவிட்டுக் கைப்பேசியைத் திறந்து, புரியாத இடத்தில் நிறுத்தி, மறுபடியும் கேட்டு, தாய்மொழியிலேயே கற்றுக்கொள்ள ஒரு வழி கிடைப்பது சிறிய விஷயம் அல்ல. தொற்றுநோய்களைத் தடுப்பது, ஒவ்வாமையின் அறிகுறிகள், குழந்தையின் வளர்ச்சிப் படிகள், பதிவேடு வைத்துக்கொள்வது போன்றவற்றை இணையவழியில் நன்றாகவே கற்க முடியும். நானும் அப்படித்தான் கற்றேன்.

எங்கே இடறுகிறது என்பதற்கு டயப்பர் மாற்றும் பாடத்தையே எடுத்துக்கொள்ளலாம். கையைக் கழுவ வேண்டும். தேவையான பொருள்கள் எல்லாவற்றையும் முன்னதாகவே கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். குழந்தை மேடைமேல் இருக்கும்வரை ஒரு கை அதன்மீதே இருக்க வேண்டும். முடிந்தபின் குழந்தையின் கைகளையும் நம் கைகளையும் கழுவ வேண்டும். மேடையைச் சுத்தம் செய்து, கிருமிநாசினி தெளித்து, புட்டியில் குறிப்பிட்ட நேரம்வரை அது ஈரமாகவே இருக்கும்படி விட வேண்டும். இதில் ஒரு வரியைக்கூட நான் மறுக்கமாட்டேன். ஆனால் காணொளியில் அந்த ஊழியர் இவற்றையெல்லாம் நிதானமாகச் செய்துகொண்டிருக்கும்போது, மற்றக் குழந்தைகளை வேறொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் படச்சட்டத்துக்குள் வருவதுகூட இல்லை; இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளப்படுகிறது, அவ்வளவுதான். என் வீட்டில் அந்த நேரத்தில் தவழும் குழந்தை ஒன்று முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. மூன்று வயதுக் குழந்தை ஒன்று கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று அழைக்கிறது. மாற்றும் இடத்தைச் சுவரை ஒட்டி, முதுகு அறையைப் பார்க்கும்படி அமைக்காமல், முகம் அறையைப் பார்க்கும்படி அமைப்பது, மேடையை விட்டுவிட்டுத் தரையில் விரிப்பு போட்டு மாற்றுவது, மாற்றத் தொடங்கும் முன்பே மற்றக் குழந்தைகளைக் கழிப்பறைக்கு அழைத்துப்போய் வருவது, பெரியவர்களிடம் ஒரு வேலையைக் கொடுப்பது ஆகியவற்றை நாங்கள் ஒவ்வொருவரும் அவரவர் அனுபவத்தில் தட்டுத் தடுமாறிக் கண்டுபிடித்தோம். பாடத்தில் இருக்க வேண்டியவை இவைதான்.

வயதுக் கலப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறு பொருள்கள் தொண்டையில் சிக்கும் ஆபத்தைப் பற்றிய பாடம் எல்லாப் பயிற்சியிலும் உண்டு. 3 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கான விளையாட்டுப் பொருள்களைச் சோதிக்க அமெரிக்காவில் ஓர் உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதன் விட்டம் சுமார் 3.17 சென்டிமீட்டர். எந்தப் பொருள் அதற்குள் முழுவதும் அடங்கிவிடுகிறதோ அது சின்னஞ்சிறு குழந்தையின் கைக்குப் போகக்கூடாது. காப்பகத்தில் இந்த விதியை ஒரு சுவர் நிறைவேற்றிவிடுகிறது: ஐந்து வயதினரின் அறையில் மணிகள் இருக்கும், பத்து மாதக் குழந்தைகளின் அறையில் இருக்காது. வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே அறை. ஐந்து வயதுக் குழந்தைக்கு மணி கோப்பது விரல்களுக்கு நல்ல பயிற்சி. அதை அடியோடு நிறுத்திவிடு என்று சொல்வது அந்தக் குழந்தைக்குச் செய்யும் அநியாயம். உயரமான மேசையில் மட்டும் வைத்துக் கோக்கச் சொல்வதா, சிறியவர் தூங்கும்போது மட்டும் எடுப்பதா, எடுக்கும்போதும் திரும்ப வைக்கும்போதும் எண்ணிப் பார்ப்பதைப் பெரிய குழந்தைக்கே ஒரு விளையாட்டாகப் பழக்குவதா என்று யோசிக்கக் கற்றுக்கொடுக்கும் பாடத்தை நான் இதுவரை காணவில்லை. பொத்தான் வடிவ பேட்டரிக்கு மட்டும் இந்தச் சலுகை எதுவும் கிடையாது. விழுங்கப்பட்டு உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாகப் புண்ணாக்கிவிடக்கூடியது அது. அந்த பேட்டரி இருக்கும் பகுதியின் மூடி திருகாணியால் இறுக்கப்படாத எந்தப் பொருளும் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இருக்கக்கூடாது.

வயதுக் கலப்பு என்றால் ஆபத்து மட்டும்தான் என்று யாரும் எண்ண வேண்டாம். அண்ணனும் தங்கையும் பிரிக்கப்படாமல் ஒரே இடத்தில் இருக்க முடிகிறது. பேசத் தொடங்கும் குழந்தைக்குப் பேசத் தெரிந்த குழந்தை பக்கத்திலேயே கிடைக்கிறது. மூத்த குழந்தை பொறுப்பு பழகுகிறது. இதைப் பயன்படுத்திக்கொள்வதும் ஒரு திறமைதான். வீட்டுப் பராமரிப்புக்குத் தனி அளவுகோல் தேவை என்பது இத்துறை அறிஞர்களுக்கு வெகுகாலமாகவே தெரியும். வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வீட்டுக் காப்பகங்களின் தரத்தை மதிப்பிடுவதற்கென்றே ஒரு தனி மதிப்பீட்டு முறையை 1989-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார்கள். அது பின்னர் 2007-இல் திருத்தப்பட்டது. மதிப்பிடும்போது வேறு என்று உணர்ந்தவர்கள், கற்பிக்கும்போது மட்டும் ஏன் ஒன்றென எண்ண வேண்டும்?

தனி ஆள் என்பதன் கனம் முழுவதும் தெரிவது குழந்தை ஓயாமல் அழும்போதுதான். பிறந்த குழந்தையின் அழுகை இரண்டாவது மாத வாக்கில் உச்சத்தைத் தொட்டுப் பிறகு படிப்படியாகக் குறையும் என்பதும், ஆத்திரத்தில் குழந்தையைப் பிடித்துக் குலுக்கினால் மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு வாழ்நாள் ஊனமோ மரணமோ நேரலாம் என்பதும் ஒவ்வொரு பயிற்சியிலும் இருக்க வேண்டியவை, இருக்கவும் செய்கின்றன. அமெரிக்காவில் 2014-இல் திருத்தப்பட்ட குழந்தைப் பராமரிப்பு நிதியுதவிச் சட்டம், அரசு உதவி பெறும் பராமரிப்பாளர்களுக்குக் கட்டாயமாக்கிய பாடங்களில் இதுவும் ஒன்று. ஆனால் நான் படித்த பாடத்தில், 'உங்களால் தாங்க முடியவில்லை என்று தோன்றினால் குழந்தையை உடன் பணிபுரிபவரிடம் கொடுத்துவிட்டுச் சற்று வெளியே போய் வாருங்கள்' என்ற பொருளில் அறிவுரை இருந்தது. இங்கே யாரிடம் கொடுப்பது? தொட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு, ஆபத்து ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, சில நிமிடம் தள்ளி நின்று மூச்சு வாங்கிக்கொள்வதில் தவறு ஒன்றும் இல்லை. அழுவதால் மட்டும் குழந்தைக்கு ஆபத்து நேர்ந்துவிடாது. அது குலுக்குவதைவிட எத்தனையோ மேல். இதை ஒரு தனி ஆளைப் பார்த்து நேரடியாகச் சொல்ல வேண்டும். அத்தோடு, அந்த நேரத்தில் தொலைபேசியில் அழைக்கக்கூடிய ஒருவரின் எண்ணை முன்கூட்டியே குறித்து வைக்கச் செய்ய வேண்டும். காப்பகத்தில் ஒருவர் முகம் வாடினால் பக்கத்தில் நிற்பவருக்குத் தெரிந்துவிடும். வீட்டில் மாலைவரை எங்கள் முகத்தைப் பார்க்கும் பெரியவர் யாரும் இல்லை.

தூக்கத்தைப் பற்றிய பாடம்தான் எல்லாவற்றிலும் முக்கியமானது என்பது என் கருத்து. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை மல்லாக்கத்தான் படுக்கவைக்க வேண்டும். படுக்கை சமமாகவும் இறுக்கமாகவும் இருக்க வேண்டும். தலையணை, மெத்தென்ற பொம்மை, தளர்வான போர்வை எதுவும் அதில் இருக்கக்கூடாது. பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் இதை வலியுறுத்தும் இயக்கங்கள் தொடங்கின. அதன்பின், தூக்கத்தில் காரணம் தெரியாமல் குழந்தை இறந்துபோகும் திடீர்ச் சிசு மரணங்கள் பெருமளவு குறைந்தன. இருந்தும், அமெரிக்காவின் 11 மாநிலங்களில் நிகழ்ந்த அத்தகைய மரணங்களை ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, அவற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குழந்தை பிறருடைய பராமரிப்பில் இருந்தபோது நிகழ்ந்தது என்றும், அப்படி நிகழ்ந்தவற்றில் பாதிக்கு மேல் வீட்டுக் காப்பகங்களில் நிகழ்ந்தவை என்றும் காட்டியது. தன் வீட்டில் மல்லாக்கவே படுத்துப் பழகிய குழந்தையைப் பிறர் வீட்டில் குப்புறப் படுக்கவைத்துவிடுவது அதில் தெரியவந்த முக்கியமான காரணங்களில் ஒன்று. பழக்கமில்லாத குழந்தை குப்புறப் படுக்கும்போது ஆபத்து பல மடங்காகிறது. இது யாரையும் குற்றம் சொல்வதற்கான செய்தி அல்ல. 'இப்படிப் படுத்தால் நன்றாகத் தூங்கும்' என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நல்லெண்ணத்தோடு செய்தது. ஒரு மணி நேரப் பாடம் இந்த வழக்கத்தை மாற்றிவிடக்கூடும் என்பதால்தான் பயிற்சியில் எனக்கு இவ்வளவு நம்பிக்கை.

இதே பாடத்தை முடித்த கையோடு வரும் அடுத்த திரையைப் பார்த்தால்தான் சிரிப்பு வருகிறது. 'உங்களுக்கு நேரம் கிடைக்கவில்லையா? குழந்தைகள் தூங்கும்போது படியுங்கள்' என்கிறது அது. தூங்கும் சிசு எப்போதும் பார்வையிலும் செவியிலும் இருக்க வேண்டும், அருகில் போய் மூச்சையும் முகத்தின் நிறத்தையும் அடிக்கடி பார்க்க வேண்டும் என்று சற்று முன்னர் கற்பித்த அதே பாடம், காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கைப்பேசித் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்கிறது. குழந்தைகள் விழித்திருக்கும்போது படிக்கவும் முடியாது. ஒளிரும் திரை எங்கே இருந்தாலும் குழந்தை அங்கே வந்துவிடும். இரண்டு வயது நிறையாத குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலகச் சுகாதார அமைப்பு 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அதையும் நான் பயிற்சியில்தான் கற்றேன். ஆகவே குழந்தைகள் வீட்டில் இருக்கும் நேரம் படிப்பு நேரம் ஆகாது. பாடங்களைத் தயாரிப்பவர்கள் இந்த உண்மையிலிருந்து தொடங்கினால், நடுவில் நிறுத்தினால் தொடக்கத்துக்கே திரும்பிவிடும் காணொளிகளும், குறிப்பிட்ட நேரத்துக்குள் விடையளிக்காவிட்டால் வெளியேற்றிவிடும் தேர்வுகளும் இல்லாமல் போகும். பத்து நிமிடத் துண்டுகளாக, விட்ட இடத்தில் தொடரும்படி, இணைப்பு இல்லாதபோதும் கேட்கும்படி அமைப்பதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.

இணையவழியில் கற்கவே முடியாத பகுதி ஒன்று உண்டு. அதில் சமரசம் செய்துகொள்ளக்கூடாது. முதலுதவியும், மூச்சும் இதயத் துடிப்பும் நின்றவரின் மார்பை அழுத்தி மூச்சு ஊதிக் காப்பாற்ற முயலும் சி.பி.ஆர்.-உம் கையால் செய்து பழக வேண்டியவை. சிசுவின் மார்பை ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். தனியாகச் செய்பவர் 30 அழுத்தங்களுக்குப் பிறகு இரண்டு முறை மூச்சு ஊத வேண்டும். இந்த எண்களை நான் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் 4 சென்டிமீட்டர் என்பது கைக்கு எப்படித் தெரியும்? உருவப் பொம்மையின் மீது அழுத்திப் பார்க்கும்போதுதான், நாம் பயந்து பயந்து அழுத்துவது எவ்வளவு போதாதது என்பது புலப்படும். தொண்டையில் பொருள் சிக்கி மூச்சுவிட முடியாமல் திணறும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை உடலைவிடத் தாழ்ந்திருக்கும்படி பிடித்து, முதுகில் ஐந்து முறை தட்டி, பின் திருப்பி மார்பில் ஐந்து முறை அழுத்துவது என்பதும் அப்படித்தான். சிசுவின் வயிற்றில் ஒருபோதும் அழுத்தக்கூடாது என்பதைப் படித்து அறிவது ஒன்று, பதற்றத்தில் கை தானாகச் சரியான இடத்துக்குப் போவது வேறொன்று. இங்கிலாந்தில் வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர்கள் குழந்தைகளுக்கான முதலுதவியில் குறைந்தது 12 மணி நேர முழுப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், அதை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. என்னைக் கேட்டால் மூன்று ஆண்டுகள்கூட நீண்ட இடைவெளிதான். சி.பி.ஆர். திறன் பயிற்சிக்குப் பிந்தைய சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கிவிடுகிறது. கோட்பாட்டை இணையவழியில் முடித்துவிட்டு, கைப்பயிற்சிக்கு மட்டும் ஒரு மாலை நேரத்தில் நேரில் போவது, ஆண்டுக்கு ஒருமுறை அரை மணி நேரமாவது பொம்மையின் மீது மறுபடி செய்து பார்ப்பது என்ற கலப்பு முறை எங்களால் கடைப்பிடிக்கக்கூடியது. காணொளியைப் பார்த்து முடித்ததற்கு மட்டும் 'சி.பி.ஆர். சான்றிதழ்' வழங்குவதைத் தடை செய்தாலும் நான் எதிர்க்கமாட்டேன். அந்தத் தாள் எங்களுக்கும் பெற்றோருக்கும் இல்லாத தைரியத்தைத் தருகிறது.

அந்தக் கைப்பயிற்சியிலும்கூட எங்கள் கேள்வி தொடர்கிறது. ஒரு குழந்தைக்கு நான் சி.பி.ஆர். செய்துகொண்டிருக்கும்போது மற்ற மூவரும் எங்கே இருப்பார்கள்? கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டுத் தரையில் வைத்து, அவசர உதவியாளரோடு பேசிக்கொண்டே கையை நிறுத்தாமல் செய்வது எப்படி? வாசற்கதவை யார் திறப்பது? அக்கம்பக்கத்தாரில் ஒருவரை முன்கூட்டியே பேசி வைப்பது, அவசர எண்ணையும் வீட்டு முகவரியையும் கண்ணில் படும் இடத்தில் எழுதி ஒட்டி வைப்பது, தவழும் குழந்தையை ஒரே தூக்கில் கொண்டுபோய் விடக்கூடிய தடுப்புக் கட்டில் ஒன்றைத் தயாராக வைத்திருப்பது ஆகியவை நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வழிகள். தீ விபத்துக்கான வெளியேற்ற ஒத்திகையும் இப்படித்தான். நடக்கத் தெரியாத இரண்டு குழந்தைகளையும் நடக்கத் தெரிந்த இரண்டு குழந்தைகளையும் ஒருவர் ஒரே தடவையில் எப்படி வெளியே கொண்டுவருவது என்பதை வரைபடத்தில் அம்புக்குறி போட்டுக் கற்பிக்க முடியாது; அவரவர் வீட்டில் செய்து பார்க்க வேண்டும்.

தேர்வுகளைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. நான்கு விடைகளில் மிக நீளமானதைத் தொட்டால் போதும் என்பது படிப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த இரகசியம். அதைவிட நல்ல முறைகள் ஏற்கெனவே நடைமுறையில் உள்ளன. அமெரிக்காவில் குழந்தை வளர்ச்சித் துணைவர் என்ற சான்றிதழுக்கு 120 மணி நேரக் கல்வியும் 480 மணி நேரப் பணி அனுபவமும் கேட்கிறார்கள். வீட்டுக் காப்பகத்தாருக்கென்று அதில் தனிப் பிரிவே இருக்கிறது. கல்விப் பகுதியை இணையவழியில் முடித்துவிடலாம் என்றாலும், விண்ணப்பிப்பவர் குழந்தைகளோடு எப்படிப் பழகுகிறார் என்பதை வல்லுநர் ஒருவர் கவனித்து மதிப்பிட்ட பிறகே சான்றிதழ் கிடைக்கும். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் உருவான இன்னொரு முறையில், ஆசிரியர்கள் தம் வகுப்பறையில் எடுத்த காணொளியை அனுப்புகிறார்கள். வழிகாட்டி ஒருவர் அதைப் பார்த்து, 'இந்த இடத்தில் குழந்தை உங்களை நோக்கிக் கையை நீட்டியது, நீங்கள் உடனே பதில் சொன்னீர்கள், அதன்பின் அது என்ன செய்தது பாருங்கள்' என்பதுபோல நுணுக்கமாகச் சுட்டிக்காட்டி உரையாடுகிறார். அது மழலையர் வகுப்பு ஆசிரியர்களுக்காக உருவானது என்றாலும் எங்களுக்குத்தான் கூடுதலாகப் பொருந்தும். ஏனென்றால் எங்கள் வேலையைப் பார்த்துக் கருத்துச் சொல்ல வேறு யாரும் இல்லை. பெற்றோரின் எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் எந்தக் குழந்தையின் முகமும் காணொளியில் வரக்கூடாது, வேலை முடிந்ததும் அது அழிக்கப்பட வேண்டும் என்ற கட்டுப்பாடுகளோடு இதைச் செய்யலாம்.

எந்தப் பாடத்திலும் போதிய இடம் பெறாத ஒரு பொருள், பெற்றோரோடு பேசுவது. குப்புறப் படுக்கவைத்தால்தான் என் பிள்ளை தூங்கும் என்று ஒரு தாய் சொல்லும்போது, அவரைப் புண்படுத்தாமலும் அதே நேரத்தில் விட்டுக்கொடுக்காமலும் மறுப்பது எப்படி? காலையில் காய்ச்சல் மருந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டு, 'தேவைப்பட்டால் மதியம் ஒரு தடவை கொடுத்துவிடுங்கள்' என்று வாய்வழியாகச் சொல்லிப் போகும் தந்தையிடம், கடைசியாகக் கொடுத்தது எத்தனை மணிக்கு, குழந்தையின் எடை எவ்வளவு, மருந்துப் புட்டியில் குழந்தையின் பெயரும் அளவும் இருக்கிறதா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது எப்படி? காப்பக ஊழியர், 'இது எங்கள் நிர்வாகத்தின் விதி' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். என் வீட்டில் நிர்வாகமும் நான்தான், விதியும் நான்தான். எதிரில் நிற்பவர் பெரும்பாலும் தெரிந்தவர், சில சமயம் உறவினர். அவர் கொடுக்கும் பணத்தில்தான் என் வீடு நடக்கிறது. மறுப்பதற்கும் பழக்கம் வேண்டும். இணையவழி நேரலை வகுப்பில் ஒருவர் பெற்றோராகவும் ஒருவர் பராமரிப்பாளராகவும் பேசிப் பழகுவது இதற்கு நல்ல வழி. நான் கலந்துகொண்ட நேரலை வகுப்பு ஒன்றில் பயிற்றுநரே பெற்றோராக மாறிப் பிடிவாதம் பிடித்தார். காணொளிகளைப் பார்த்துக் கற்றவற்றையெல்லாம்விட அந்தச் சில நிமிடங்கள்தான் எனக்கு இன்றும் கைகொடுக்கின்றன.

கட்டணத்தையும் நேரத்தையும் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் படிப்பு நேரத்துக்கு யாரும் ஊதியம் தருவதில்லை. கட்டணமும் எங்கள் கையிலிருந்துதான் போகிறது. பயிற்சியைக் கட்டாயமாக்குபவர்கள் அதன் செலவில் ஒரு பங்கையாவது ஏற்க வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது. கட்டாயம் மட்டும் வந்து உதவி வராவிட்டால், இருப்பதிலேயே மலிவானதும் விரைவில் முடிவதுமான சான்றிதழ் எது என்று தேடும் நிலைக்கே நாங்கள் தள்ளப்படுவோம். அதை விற்பதற்கும் ஆள்கள் இருக்கிறார்கள். எங்கள் வேலை எப்படி வகைப்படுத்தப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் தொழில் வகைப்பாட்டில் குழந்தைப் பராமரிப்பாளர்களுக்கு 5311 என்ற எண். சிறார் கல்வியாளர்களுக்கு 2342 என்ற எண். முதலாவது சேவைப் பணியாளர்களின் பிரிவில் இருக்கிறது, இரண்டாவது தொழில் வல்லுநர்களின் பிரிவில். ஒரே குழந்தைக்கு ஒரே நாளில் இரண்டு வேலையையும் செய்பவர்கள் நாங்கள். பயிற்சியின் மணிநேரங்கள் ஓரிடத்தில் சேர்ந்துகொண்டே வந்து, மேற்படிப்புக்கோ வேறு வேலைக்கோ கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டால், இந்தத் தொழிலில் இருப்பவர்களில் பலர் படிப்பைச் சுமையாக நினைக்கமாட்டார்கள். ஆண்டுதோறும் அதே கைகழுவும் பாடத்தை முதலிலிருந்து படிக்கச் சொல்வது எங்கள் பொறுமையை மட்டுமே சோதிக்கிறது. அனுபவம் உள்ளவர்களுக்கு அடுத்த நிலைப் பாடங்களும், பேச்சு தாமதமாகும் குழந்தையை அடையாளம் காண்பது, மாற்றுத்திறன் உள்ள குழந்தையை மற்றவர்களோடு சேர்த்து வளர்ப்பது போன்ற பாடங்களும் வேண்டும்.

பயிற்சி நிறுவனங்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். பாடத்தை எழுதும் குழுவில், தற்போது தம் வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவராவது ஊதியம் பெறும் உறுப்பினராக இருக்கட்டும். காணொளியைக் காப்பகத்தில் எடுக்காமல் ஒரு சாதாரண வீட்டின் அறையில், நான்கு வயதுக் குழந்தைகளோடு நான்கு மாதக் குழந்தையும் இருக்கும்போது எடுக்கட்டும். ஒரே வட்டாரத்தில் படிப்பவர்கள் பத்துப் பேரை ஒரு குழுவாகச் சேர்த்து, மாதம் ஒருமுறை இரவில் பேசிக்கொள்ள வழி செய்யட்டும். பாடம் முடிந்த பிறகும் அந்தக் குழு நிலைத்திருந்தால் பயிற்சியின் பலனில் பாதி அதிலேயே இருக்கும்.

பெற்றோருக்கும் ஒரு செய்தி. குழந்தையை விட வரும்போது சான்றிதழ் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். முதலுதவியைக் கையால் செய்து பழகியது எப்போது, குழந்தையை எங்கே எப்படிப் படுக்கவைப்பீர்கள், அவசரம் என்றால் உங்களுக்கு உதவ யார் வருவார் என்று கேளுங்கள். நன்றாகப் பயிற்சி பெற்றவர் இக்கேள்விகளால் கோபப்படமாட்டார். படுக்கையைக் காட்டுவார், பக்கத்து வீட்டுக்காரரின் பெயரைச் சொல்வார். சான்றிதழ் வழங்குபவர்களும் இதற்கு உதவலாம். எந்தப் பகுதி திரையில் கற்கப்பட்டது, எந்தப் பகுதி நேரில் செய்து காட்டப்பட்டது, கைப்பயிற்சியை அடுத்து எந்தத் தேதிக்குள் புதுப்பிக்க வேண்டும் என்பவற்றைச் சான்றிதழின் முன்பக்கத்திலேயே அச்சிட்டுவிட்டால், அதைச் சுவரில் மாட்டியிருப்பவருக்கும் வாசலில் நின்று வாசிப்பவருக்கும் குழப்பம் இருக்காது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வீட்டில் குழந்தைகளைப் பராமரித்துவரும் ஒரு வாசகி